குழந்தைக்கு ஒரு பிடி மண்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு கூட்டங்களுக்கு வருவதாக நாம் வாக்களித்திருந்தோம். இரண்டிற்கும் செல்லக் கூடவில்லை. கூட்டங்களை நடத்திய அன்பர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டியது நமது கடமை. தேக அசௌக்கியமோ, வெளியூர்ப் பிரயாணமோ காரணமன்று. அன்று நாள் முழுவதும் நாம் ஒரு பூங்காவின் மணலில் உட்கார்ந்திருந்தோம் என்பதே உண்மை. அங்கே நாம் கற்றுக்கொண்டதைப் பொதுஜனங்களுக்குச் சொல்லுவது, அவ்விரு கூட்டங்களில் பேசுவதைக் காட்டிலும் பயனுடையதாகுமென்று கருதுகிறோம்.

நமது புதல்வி அன்று ஒரு பரீட்சை எழுத வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வெளியூரில் இருந்தார். வீட்டு அம்மாளுக்கோ முழங்கால் நோவு. ஆகவே இரண்டு வயதும் நான்கு மாதமும் நிரம்பிய பேத்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. "அப்பா, கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள். பூங்காவுக்கு அழைத்துப் போங்கள்" என்று சொல்லிவிட்டுப் புதல்வி புறப்பட்டாள். பல்லாண்டுகளாகப் பெருங்கூட்டங்களைச் சமாளித்துப் பழகிய நமக்கு ஒரு சிறு குழந்தை எம்மாத்திரம் என்று எண்ணினோம். அந்த எண்ணம் தெருமுனை வரையிற்கூட நிலைக்கவில்லை.

நமது வீட்டிலிருந்து பூங்காவுக்கு ஐந்து நிமிஷ நடை. அன்று நாற்பது நிமிஷம் ஆயிற்று. தூக்கிக்கொள்ளலாமென்று கை நீட்டினால் "நானே!" என்கிறாள். செருப்பு மாட்டிவிடக் குனிந்தாலும் "நானே!" என்கிறாள். வலக்கால் செருப்பை இடக்காலில் மாட்டிக்கொண்டு, அதை மாற்ற வந்தவரைப் பகைவராகப் பார்க்கிறாள். வழியில் எறும்புச் சாரை ஒன்று குறுக்கிட்டது. அதன் தலைப்பும் முடிவும் கண்டாலன்றி அவள் அங்கிருந்து அசைவதாயில்லை. நாம் பொறுமையிழந்து இரண்டு முறை கையைப் பிடித்து இழுத்தோம். இரண்டு முறையும் தரையில் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தாள். சுயராஜ்யம் என்பதைப் பற்றி நாம் எழுதிய பக்கங்கள் பல. அச்சொல்லின் பொருளை இரண்டு வயதுக் குழந்தை ஒரே வார்த்தையில் அடக்கி, அதற்காக வீதியில் உட்காரவும் துணிந்திருப்பதை அன்றுதான் கண்டோம். மூன்றாம் முறை இழுக்கவில்லை.

பூங்காவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சென்னையில் நாம் வசிக்கும் வட்டாரத்தில் உள்ள அது சுமார் ஓர் ஏக்கர் பரப்புடையது. மூன்று தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு புங்க மரமும் இருக்கின்றன. சுற்றிலும் நடைபாதை, நடுவே புல்தரை, ஒரு பக்கத்தில் சறுக்குமரமும் ஊஞ்சல்களும், மூலையில் ஒரு மணல் திட்டு. வாயிலில் ஒரு பலகை. அதில் செய்யத்தகாதவை ஒன்பது எழுதப்பட்டிருக்கின்றன. செய்யத்தக்கது எதுவென்று ஒன்றும் எழுதப்படவில்லை. படிக்கத் தெரியாத நமது பேத்தி அந்தப் பலகையின் கீழே புகுந்து உள்ளே ஓடினாள்.

நடைபாதையில் நம்மையொத்த ஆண்மக்கள் முப்பது நாற்பது பேர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வட்டமிட்டுக் கொண்டிருந்தனர். நாமும் ஏழாண்டுகளாக அவ்வாறே வட்டமிட்டவர்தாம். குழந்தைகள் இருந்த பக்கத்திலோ தாய்மார்களும் பாட்டிமார்களும் மட்டுமே. குழந்தையை விளையாட அழைத்து வருவது பெண்களின் வேலையென்று யாரோ சாசனம் எழுதிவைத்தது போல இருந்தது. அந்த மணல் திட்டை இதற்கு முன் நாம் ஆயிரம் தடவை கடந்து சென்றிருப்போம். ஒரு தடவையாவது நின்று பார்த்ததில்லை.

சறுக்குமரத்தைக் கண்டதும், ஏறிச் சறுக்கி மகிழ்வாளென்று எதிர்பார்த்தோம். அவள் ஏணிப்பக்கம் போகவேயில்லை. சறுக்குகிற பக்கத்தின் அடியிலிருந்து மேலே ஏற முயன்றாள். நான்கு அடி ஏறுவாள். வழுக்கிக் கீழே வருவாள். மறுபடியும் ஏறுவாள். பதினொரு தடவை வரையில் நாம் எண்ணினோம். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டோம். ஒரு தடவை பக்கவாட்டில் சாய்ந்து மணலில் விழுந்தாள். விழுந்தவள் உடனே அழவில்லை. தலையைத் திருப்பி நமது முகத்தைப் பார்த்தாள். நாம் அலறிக்கொண்டு ஓடினோம். அதன் பிறகே அழுதாள். பக்கத்திலிருந்த ஒரு பாட்டியம்மாள், "ஐயா, நீங்கள் பயந்ததைப் பார்த்துத்தான் குழந்தை பயப்படுகிறது. அடுத்த முறை சும்மா இருந்து பாருங்கள்" என்றார். அடுத்த முறை விழுந்தபோது நெஞ்சு பதைத்தாலும் புன்னகையோடு இருந்தோம். குழந்தை மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தது. பயமும் தைரியமும் பெரியவர்கள் முகத்திலிருந்தே குழந்தையின் உள்ளத்தில் குடியேறுகின்றன என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. அச்சமற்ற சமுதாயம் வேண்டுமென்று மேடையில் முழங்குகிறோம். அதன் முதற்பாடம் நடைபெறுவது நமது முகத்தில்.

பின்னர் மணல் திட்டுக்கு வந்தாள். அங்கேதான் பொழுதின் பெரும்பகுதி கழிந்தது. மரத்தடியில் விழுந்து கிடந்த தூங்குமூஞ்சிக் காய்கள், நாலைந்து கூழாங்கற்கள், யாரோ விட்டுச்சென்ற தேங்காய்ச் சிரட்டை ஆகியவையே அவளுடைய சொத்து. சிரட்டையில் மணலை நிரப்புவதும் கொட்டுவதும், மீண்டும் நிரப்புவதுமாக அரைமணி நேரம் சென்றது. உலர்ந்த மணல் நிற்கவில்லை. குழாயடியில் ஈரமான மணல் நின்றது. இதைக் கண்டுபிடித்ததும் அவள் முகத்தில் தோன்றிய களிப்பு, பெரிய சாஸ்திரிகள் புதுமை காணும்போது அடையும் களிப்புக்குச் சிறிதும் குறைந்ததன்று.

1943-ல் டென்மார்க் தேசம் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனை அடுத்த எம்டிரப் என்னுமிடத்தில் ஒரு புதுவகை விளையாட்டிடம் திறக்கப்பட்டது. சோரென்சென் என்ற தோட்டக்கலை நிபுணர், தாம் அழகாக அமைத்த விளையாட்டிடங்களை விட்டுக் குழந்தைகள் பழைய மரத்துண்டுகளும் செங்கற்களும் கிடக்கும் இடங்களுக்கே ஓடுவதைக் கவனித்தவர். ஆகவே பழம்பொருள்களையே குழந்தைகளிடம் ஒப்படைக்கும் இடமொன்று வேண்டுமென்றார். அந்த யோசனை பின்னர் இங்கிலாந்திலும் பிற தேசங்களிலும் பரவிற்று. தேங்காய்ச் சிரட்டை வைத்திருந்த நமது கிராமத்துக் குழந்தைகளுக்கு இது புதிதன்று.

தமிழருக்கு இது புதிதன்று என்பதற்கு நமது இலக்கியமே சான்று. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. மூன்றாம் மாதத்தில் காப்பில் தொடங்கி, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று இரண்டிரண்டு மாதமாக எண்ணிக்கொண்டு போகிறது. ஆண்பாலில் கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலில் கழங்கு, அம்மானை, ஊசல் என்பர். அந்தக் கடைசி மூன்று பருவங்களுக்கும் பெயராக அமைந்தவை விளையாட்டுகளே என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். வீதி மணலில் சிறுமியர் கட்டிய வீட்டைச் சிதைக்க வேண்டாமென்று ஆண்பிள்ளையை வேண்டிக்கொள்வதே சிற்றிற் பருவம்.

அந்தப் பருவம் அன்று நமது கண்முன்னே நடைபெற்றது. பூங்கா வாயிலில் பூ விற்கும் அம்மாளின் மகன், மூன்று வயதுப் பையன், ஓடிவந்து நமது பேத்தி குவித்திருந்த மணலை ஒரே உதையில் சிதைத்தான். அவள் கதறினாள். நாம் எழுந்து நியாயம் வழங்கப் புறப்படுமுன், அவன் சிரட்டையை எடுத்து ஈரமணலை நிரப்பி அவள்முன் கவிழ்த்தான். அழுகை நின்றது. அடுத்த ஒரு மணிநேரம் இருவரும் ஒருவர் கட்ட மற்றவர் இடிக்க என்று முறைவைத்து ஆடினார்கள். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, சாதியும் சம்பளமும் கேட்கவில்லை. சிறிது தூரத்தில் நல்ல உடையணிந்த ஒரு குழந்தை இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றது. "மண்ணில் கை வைக்காதே, அழுக்கு" என்று அதனுடன் வந்தவர் இழுத்துச் சென்றுவிட்டார். அந்தக் குழந்தை வாயில் வரையில் திரும்பிப் பார்த்துக்கொண்டே சென்றது.

வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்தோம். தினந்தோறும் சோற்றுக்கு ஒரு யுத்தம் நடக்குமாம். அன்று தட்டு காலியாயிற்று. இரண்டரை மணி நேரம் அயர்ந்து தூங்கினாள். உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டும் விதிகளில், ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிஷமாவது உடலசைத்து ஆட வேண்டும் என்று கூறப்பட்டிருக்கிறது. இரண்டு வயது முதல் நான்கு வயது வரையில் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதற்குக் கீழ்ப்பட்டால் இன்னும் நன்று. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம். சீனாவில் குவாங்ஜோ நகரத்துப் பள்ளிகள் பன்னிரண்டில், ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை மூன்றாண்டுக் காலம் சோதித்தனர். நாள்தோறும் நாற்பது நிமிஷம் அதிகமாகத் திறந்த வெளியில் இருந்தவர்களில் 30.4 சதவிகிதத்தினருக்கும், மற்றவர்களில் 39.5 சதவிகிதத்தினருக்கும் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியதாக 2015-ல் பிரசுரித்தனர். மருந்துமில்லை, கண்ணாடியுமில்லை, திறந்த வெளியில் கழித்த நேரமே வேறுபாடு.

மாலை நான்கரை மணிக்கு மறுபடியும் பூங்காவுக்குச் சென்றோம். காலையில் விட்ட இடத்திற்கே பேத்தி ஓடினாள். அப்போதுதான் மணல் திட்டின் ஓரத்தில், சுண்ணாம்பினால் ஒரு கோடு போட்டிருப்பதைக் கண்டோம். நான்கு மூலையிலும் முளை அடித்திருந்தது. தோட்டக்காரரைக் கேட்டோம். "இங்கே வாசகசாலைக் கட்டிடம் வரப்போகிறதுங்க. நீங்கள்கூடக் கையெழுத்துப் போட்டீர்களே" என்றார்.

ஆம், போட்டோம். நமது வட்டாரத்து நலச்சங்கம் மூன்று மாதத்துக்கு முன் தீர்மானம் நிறைவேற்றியபோது அதை ஆதரித்துப் பேசியவரும் நாமே. வாசகசாலை நாட்டுக்கு அவசியம். பூங்காவிலோ ஒரு மூலை வீணாகக் கிடக்கிறது. ஆகவே அங்கே கட்டலாம் என்று வாதித்தோம். கூடியிருந்தவர்கள் அனைவரும் ஆண்கள், வயதில் முதியவர்கள். ஆக்ஷேபணை ஒன்றும் எழவில்லை. "வீணாகக் கிடக்கும்" அந்த மூலையில்தான் அன்று நமது பேத்தி மணலுக்கும் நீருக்கும் உள்ள உறவைக் கண்டறிந்தாள். அங்கேதான் பூக்காரம்மாளின் மகனோடு சமாதானம் செய்துகொண்டாள். நாம் தலைகுனிந்தோம்.

பூங்காக்கள் கெட்ட எண்ணத்தினால் அழிவதில்லை. பெரும்பாலும் நல்ல காரியங்களினாலேயே அழிகின்றன. சென்னையின் சரித்திரமே இதற்குச் சான்று. 1859-ல் கவர்னராக வந்த டிரெவெலியன் காலத்தில், இன்றைய சென்டிரல் ஸ்டேஷனுக்கு வடக்கே பொதுஜனங்களுக்கென்று 'பீப்பிள்ஸ் பார்க்' உண்டாக்கப்பட்டது. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பெரும் பூங்கா அது. அதன் நிலத்தில் 1880-களில் விக்டோரியா பொதுமண்டபம் எழுந்தது. பொதுக்கூட்டத்திற்கு மண்டபம் வேண்டாமா? 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது; வியாபாரத்திற்குக் கடைவீதி வேண்டாமா? 1913-ல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது; நகரசபைக்கு இருக்க இடம் வேண்டாமா? பின்னர் விளையாட்டு அரங்கமும் வந்தது. ஒவ்வொன்றும் நல்ல காரியமே. எதற்கும் நாம் குறை கூற இயலாது. மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையானபின் அந்த இடம் ரயில்வேக்குச் சென்றது. பூங்காவாகத் திரும்பி வரவில்லை. இன்று அந்தப் பக்கம் செல்பவருக்கு அங்கே ஒரு பெரும் பூங்கா இருந்ததென்று சொன்னாலன்றித் தெரியாது.

பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விஸ்தரிப்பில் நடந்ததையும் அன்பர்கள் அறிய வேண்டும். பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை ஓர் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக ஒரு ஸ்தாபனத்துக்குக் கொடுத்தனர். அங்கே குடியிருந்தவர்கள் வழக்காடினர். ஆஸ்பத்திரியைக் காட்டிலும் புண்ணியமான காரியம் வேறென்ன இருக்க முடியும்? ஆயினும் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு, பூங்காவுக்கென்று ஒதுக்கியதை அவ்வாறு மாற்றியது செல்லாதென்றும், வழக்குத் தொடுக்க அந்த வட்டாரவாசிகளுக்கு உரிமை உண்டென்றும் தீர்ப்பளித்தது. ஆஸ்பத்திரியை வேறிடத்தில் கட்டலாம். அந்தத் தெருக் குழந்தைகள் விளையாட வேறு தெருவுக்குப் போக இயலாது.

நமது மாகாணத்திலும் சட்டமில்லாமலில்லை. பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்த வெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே 1959-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலாக நூற்றில் பத்துப் பங்கைப் பொது வெளியாக விட்டுக் கொடுக்க வேண்டுமென்று விதி இருக்கிறது. குழந்தைக்கு விளையாட உரிமை உண்டென்று ஐக்கிய நாடுகள் சபை 1989-ல் ஏற்ற உடன்படிக்கையின் 31-வது ஷரத்து கூறுகிறது. இந்தியா அதை 1992-ல் ஏற்றுக்கொண்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. உரிமை உடன்படிக்கையில் இருக்கிறது. உரிமைக்கு உடையவர்களோ இன்னும் வாக்குப்பெறவில்லை. மனு எழுதத் தெரியாது. ஊர்வலம் நடத்த இயலாது. அவர்களுடைய கிளர்ச்சியெல்லாம் தெருவில் உட்கார்ந்து அழுவதோடு முடிகிறது.

"தேசத்தில் எத்தனையோ பெரிய பிரச்சினைகள் இருக்க, மணல் மூலையைப் பற்றியா தலையங்கப் பக்கத்தில் எழுதுவது?" என்று சில அன்பர்கள் கேட்பார்கள். பாரதியார் குழந்தைக்குப் பாடிய பாட்டில் முதலாவதாகச் சொன்னது விளையாட்டைப் பற்றித்தான். சாதியையும் தேசத்தையும் தைரியத்தையும் அதன் பிறகே பேசினார். அந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. விழுந்து எழக் கற்காத குழந்தை, வளர்ந்தபின் எதிர்த்து நிற்கக் கற்குமா? பூக்காரம்மாளின் மகனோடு மணல் வீடு கட்டாத குழந்தைக்குச் சமத்துவத்தைப் பற்றிப் பின்னர் எத்தனை பிரசங்கம் செய்தாலும் அது காதோடு நின்றுவிடாதா? செல்வருடைய குழந்தைகளுக்கு வீட்டுத் தோட்டமும் கட்டண விளையாட்டுக்கூடமும் உண்டு. ஒற்றை அறையில் வாழும் குழந்தைக்கு நகரசபைப் பூங்காவைத் தவிர வேறு முற்றம் இல்லை.

ஆகவே நாம் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறோம். அடுத்த கூட்டத்தில் நமது கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தீர்மானத்தை மாற்றும்படி பிரேரேபிப்போம். வாசகசாலை வேண்டாமென்று சொல்லவில்லை. வட்டாரத்துப் பள்ளிக்கூடம் மாலை ஐந்து மணிக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. அதில் இரண்டு அறைகளைக் கேட்டுப் பெறலாம். பெரியவர்கள் நாலு வீதி நடந்து சென்று படிக்கலாம். தோல்வியுற்றால் மறுபடியும் பிரேரேபிப்போம். சறுக்குமரத்தில் பதினொரு தடவைக்கு மேல் ஏறியவளிடம் நாம் பாடம் கேட்டிருக்கிறோம்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் தேசத் தொண்டர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலுள்ள குழந்தையை, தாயிடமோ பாட்டியிடமோ விட்டுவிடாமல், நீங்களே பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிடுங்கள். குழந்தை நடக்கும் வேகத்தில் நடந்து, அது உட்காரும் இடத்தில் உட்காருங்கள். விழுந்தால் முகம் கோணாதிருங்கள். குழந்தைக்கு அங்கே மணல் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, குடிக்க நீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஊஞ்சற் சங்கிலி அறுந்திருந்தால் எழுதிக் கேளுங்கள். உங்கள் ஊரில் பூங்காவென்று ஒதுக்கப்பட்ட இடங்கள் எவையெவை என்று நகரசபையிடம் ஜாபிதா கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகச் சென்று அது இன்னும் பூங்காவாகத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிடில், அதைத் திரும்பப் பெறும்வரையில் ஓயாதீர்கள். ஒரு தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் ஆஸ்தியில் மண்டபங்கள் இருக்கட்டும், சிலைகள் இருக்கட்டும், அவற்றினிடையே காலில் படும்படி ஒரு பிடி மண்ணும் இருக்கட்டும்.